எட்டு மில்லிமீட்டர்

மார்ச் 3

அண்ணா,

அண்ணி போன் செய்தார். ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. பத்து நிமிடம் அழுதுவிட்டு, "நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதே" என்றார். இதோ, சொல்லிவிட்டேன். இந்த விஷயத்தில் ஒளித்து விளையாட நமக்கு நேரமில்லை.

நான் போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். தப்பித் தவறி எடுத்தாலும் நீ கத்துவாய், நான் அழுவேன், கட்டியைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டோம். அதனால்தான் எழுதுகிறேன்.

எப்போதோ வந்த மஞ்சள் காமாலைக் கிருமி உன் உடம்பிலேயே தங்கி ஈரலைச் சுருக்கிவிட்டிருக்கிறது. அதன் மேல்தான் இந்தப் புற்றுக்கட்டி. கட்டியை மட்டும் வெட்டினால் மிச்ச ஈரல் தாங்காது. ஈரலையே மாற்றினால் இரண்டும் ஒன்றாகப் போகும். அண்ணிக்குச் சர்க்கரை, என் ரத்த வகை உனக்குச் சேராது. நாங்கள் இருவருமே தர முடியாது. தர முடிந்திருந்தால் இத்தனை நீளமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆகவே இறந்தவர் ஒருவரின் குடும்பம் தரும் ஈரலுக்குக் காத்திருக்க வேண்டும். யாரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்ப்பது என்பதை எங்கள் ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதோறும் டாக்டர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். அவர்கள் முன்னால் வைக்கும் கோப்புகளைத் தயார் செய்வதும், ஈரல் வந்தால் கூடவே இருந்து கவனிப்பதும் ஒருங்கிணைப்பாளரான என் வேலை. உனக்குப் பிடிக்காத அதே வேலை.

கட்டிக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஒன்றுதான் என்றால் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் மூன்றுக்குள். ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கவே கூடாது. உன் ஊர் ஸ்கேன் தெளிவாக இல்லை. இங்கே வந்து எடுக்க வேண்டும். மார்ச் 18, காலை எட்டு மணி. வெறும் வயிற்றோடு வா.

உன் தங்கை

*

மார்ச் 9

ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

அண்ணி சொன்னதை என்னிடம் சொல்லிவிட்டாய். நீ கடிதம் போட்டதை நான் அவளிடம் சொல்லிவிட்டேன். இப்போது அவள் இரண்டு பேர் மேலும் கோபமாக இருக்கிறாள். குடும்பம் மறுபடி ஒன்று சேர்ந்த மாதிரிதான்.

நான் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. நம் தெருவில் சாவி வெட்டுகிறவர் தினமும் குடிக்கிறார், கல் மாதிரி இருக்கிறார். என்னைப் பார்த்து, "தையற்காரரே, உமக்கு வர வேண்டியதா இது? எனக்கில்ல வந்திருக்கணும்" என்று கண்கலங்குகிறார். அவர் கண்கலங்கினதும் குடித்துவிட்டுத்தான்.

வருகிறேன். செத்தாலும் உன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னது நான்தான். சொன்ன வாயை வைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு வருகிறேன். ஆனால் அங்கே "என் அண்ணன், என் அண்ணன்" என்று யார் காலிலும் விழாதே. எனக்கு அது வேண்டாம்.

அண்ணன்

*

மார்ச் 27, மாலை

அண்ணா,

கூட்டம் முடிந்த கையோடு எழுதுகிறேன். கூட்டத்தில் பெயர் படிப்பதில்லை, எண்தான். சொந்தக்காரரின் கோப்பு வந்தால் நாங்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். உன் எண் வந்ததும் நான் எழுந்து போய்த் தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பதினோரு நிமிடம். அந்த இயந்திரத்தின் மேல் ஒட்டியிருப்பதை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன்.

கட்டி ஒன்றுதான். ரத்தக் குழாய் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அளவு ஐந்து புள்ளி எட்டு.

இப்போது பட்டியலில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கதவைச் சாத்தவில்லை, அதைப் புரிந்துகொள். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்து, அங்கேயே மருந்தும் விடுவார்கள். கட்டி சுருங்கும். இரண்டு மாதம் பார்ப்பார்கள். ஐந்துக்குள் வந்து அடங்கி இருந்தால் மறுபடி உன் கோப்பு மேசைக்கு வரும். ஏப்ரல் 15-க்கு நாள் வாங்கியிருக்கிறேன்.

சாப்பாட்டில் உப்பைக் குறை. அண்ணியிடம் கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை

*

ஏப்ரல் 3

ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

எட்டு மில்லிமீட்டர். கடையில் இருக்கிற சட்டைப் பொத்தான்களை எல்லாம் அளந்து பார்த்தேன். மிகச் சின்னது ஒன்பது.

ஒரு பொத்தான்கூட இல்லாத அளவுக்காக என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். முப்பது வருடமாக அளவெடுக்கிறேன். டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் ஒரு அளவு, தளர்த்தினால் ஒரு அளவு. மூச்சை இழுத்தால் ஒன்று, விட்டால் ஒன்று. இது தெரியாத ஆள் உண்டா? அந்தக் கோப்பு முழுக்க உன் கையில்தானே இருந்தது? யார் காலிலும் விழாதே என்று சொன்னேன், உண்மை. பேனாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்காதே என்று சொல்லவில்லையே.

கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்டுவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன், அக்டோபர் ஒன்பது, அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, மாலை ஆறு மணிக்கு உனக்குப் போன் செய்தேன். "ஒரு வேலையில மாட்டிக்கிட்டேன், விட்டுட்டு வர முடியாது, காலைல வந்துடறேன்" என்றாய். அம்மா எட்டரைக்குப் போனாள். நீ மறுநாள் மதியம் வந்தாய். யாரோ ஒருவருக்காக அம்மாவை விட்டாய். இப்போது சொந்த அண்ணனுக்காக எட்டு மில்லிமீட்டரை விட முடியவில்லை. உன் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

பதினைந்தாம் தேதி வருகிறேன். அண்ணி அழுகிறாள், அதனால்.

*

ஏப்ரல் 10

அண்ணா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இரண்டு தடவை கோபத்தோடு.

பேனாவைச் சாய்த்துப் பிடிக்க எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். உன் ஸ்கேன் தாள் என் மேசைக்கு வந்த அன்று அந்த எண்ணை விரலால் மறைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். அதற்கே என் மேல் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏன் செய்யவில்லை என்பதைக் கேள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரை அளவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தும் சேர்த்தார்கள். நல்ல மனிதர், சின்னப் பிள்ளைகள். எல்லோருக்கும் மனசு இளகிவிட்டது. மாற்றியும் வைத்தார்கள். புது ஈரலை உடம்பு தள்ளாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து வாழ்நாள் முழுக்கத் தர வேண்டும். எங்கேயோ ஒளிந்திருந்த புற்றுக்கு அது வசதியாகிவிட்டது. பதினோராம் மாதம் போய்விட்டார். அந்த ஈரலுக்காக வரிசையில் அடுத்து நின்ற பெண்ணும் அதற்குள் போய்விட்டார். ஒரு ஈரல், இரண்டு சாவு. இரண்டு வீட்டுக்கும் போன் செய்தது நான். கட்டி பெரிதாகப் பெரிதாக அது வெளியே விதை தூவியிருக்க வாய்ப்பு அதிகம். எங்கேயாவது ஓர் இடத்தில் கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? எங்கே போட்டாலும் அதற்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் அண்ணன் நின்றுகொண்டிருப்பார்.

அம்மாவைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தில் எனக்குத் தெம்பில்லை.

ஒரு கேள்வி. உன் ஊர் ஸ்கேன் அறிக்கையின் அடியில் "முந்தைய ஸ்கேனை விடப் பெரிதாகியுள்ளது" என்று ஒரு வரி இருக்கிறது. எந்த முந்தைய ஸ்கேன்? கட்டி எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்று கூட்டத்தில் கேட்பார்கள். அது உன்னிடம் இருந்தால் பதினைந்தாம் தேதி எடுத்து வா.

உன் தங்கை

*

ஏப்ரல் 20

ஊசிக்கு,

பழைய பெயர் தானாகக் கையில் வந்துவிட்டது. அடிக்காமல் விடுகிறேன்.

திங்கட்கிழமை என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது நீ சுவரோரம் நின்றாய். தூங்குவது போல நடித்தேன். சின்ன வயதில் நீ என்னிடம் நடிப்பாயே, அதே நடிப்பு. உனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த ஸ்கேனை நான் எடுத்து வரவில்லை. அளவு நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். போன ஆகஸ்டில் எடுத்தது. வயிறு கனமாக இருந்தது என்று அண்ணிக்குத் தெரியாமல் போனேன். கட்டி நாலு புள்ளி ஒன்று.

அங்கிருந்த டாக்டர், "அஞ்சு வரைக்கும் ஈரல் மாத்தப் பாப்பாங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் உன்னுடையது. அவர் சொன்னதில் 'உடனே' என் காதில் ஏறவில்லை, 'அஞ்சு' மட்டும் ஏறியது. கடைக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீ சிரிக்காதே. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சீருடை தைக்கிறவன் நான். பிள்ளைகள் எவ்வளவு வளரும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி பெற்றவர்களுக்கே தெரியாது. நாற்பது அங்குலப் பிள்ளை வருடத்துக்கு இரண்டு அங்குலம் வளரும். இருபதில் ஒரு பங்கு. அதே கணக்கை இதற்கும் போட்டேன். நாலு புள்ளி ஒன்றில் இருபதில் ஒரு பங்கு, இரண்டு மில்லிமீட்டர். ஐந்து வரைக்கும் ஒன்பது மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. நாலு வருடம் தாங்கும்.

நாலு வருடத்துக்கு உன் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டேன், ஊசி. நிம்மதியாகச் சாப்பிட்டேன். அன்றைக்கு மட்டும் பன்னிரண்டு கால்சட்டை தைத்தேன்.

இதை அண்ணியிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. இது ஒன்றையாவது ஒளித்து வை.

அண்ணன்

*

ஏப்ரல் 24

அண்ணா,

நாலு புள்ளி ஒன்று என்றால் அடுத்த புதன்கிழமையே உன் கோப்பு மேசைக்குப் போயிருக்கும். செப்டம்பரில் பட்டியலில் இருந்திருப்பாய். உன் ரத்த வகைக்குக் கடந்த ஏழு மாதத்தில் ஆறு ஈரல் வந்தது. ஆறையும் நான்தான் வாங்கி வைத்தேன்.

ஒரு போன். "ஏய் ஊசி, எனக்கு உடம்பு சரியில்ல" என்று நாலு வார்த்தை. என்னைத் திட்டிவிட்டுக்கூடச் சொல்லியிருக்கலாமே. நான் அவ்வளவு மோசமானவளா?

இதற்கு மேல் எழுதினால் ஏதாவது எழுதிவிடுவேன். அண்ணியிடம் சொல்ல மாட்டேன்.

*

ஜூன் 14

ஊசிக்கு,

நாலு புள்ளி நாலு! டாக்டர் சொன்னதும் அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பாவம், அடுத்த நோயாளியைப் பார்க்க அந்தக் கை அவருக்கு வேண்டியிருந்தது. புதன்கிழமை சேர்த்துவிட்டார்கள் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியது நீயில்லை. நீ பேசக்கூடாது என்பது விதி என்று நினைக்கிறேன். கோபத்தில் பேசாமல் இருந்தாயோ என்னவோ. இரண்டில் எது என்று எழுது.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்தவராம். ஈரல் மாற்றி ஆறு வருடம் ஆகிறதாம். சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். நல்ல தையல், ஆனால் வலது மூலையில் கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறார்கள். அவரிடமும் அதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அன்னைக்கு ஒரு நர்ஸம்மா இருந்தாங்க பாருங்க. ஒல்லியா, இந்த ஊசி மாதிரி. சாயந்திரத்துலேருந்து மறுநாள் காலை வரைக்கும் உக்காரவே இல்ல. என் சம்சாரத்துகிட்ட வந்து வந்து சொல்லிட்டே இருந்தாங்க. நடுவுல ஒரு தடவை மாடிப்படிக்குக் கீழ போய் நின்னு, வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்களாம். சம்சாரம் பயந்துபோய், நான்தான் போய்ட்டேன்னு நெனச்சுட்டா. 'இல்லம்மா, அவர் நல்லா இருக்கார், இது வேற'ன்னுட்டு முகத்தைக் கழுவிட்டு மறுபடி ஓடிட்டாங்களாம்."

தேதி கேட்டேன். அக்டோபர் ஒன்பது என்றார். எத்தனை மணிக்கு அழுதாள் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒன்பது மணி இருக்கும் என்றார்.

அம்மா போனதும் உனக்குப் போன் செய்தேன். நீ "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாய். ஆறு வருடமாக அந்த "ம்"மைத்தான் நான் மன்னிக்காமல் வைத்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். நான்தான் கேட்கவே இல்லையே. அந்தக் கண்ணாடிக் கடைக்காரருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் வேலைக்குப் போகிறாள்.

உனக்கு ஒரு வெள்ளைக் கோட்டுத் தைக்கப் போகிறேன். உங்கள் ஆஸ்பத்திரிக் கோட்டு உன் தோளை விட்டுத் தொங்குகிறது, கண்ணால் பார்க்க முடியவில்லை. என் நோட்டில் உன் அளவு ஏழு வருடப் பழையது. புது அளவை எழுதி அனுப்பு. தோள், கை, நெஞ்சுச் சுற்று.

அண்ணன்

*

ஜூன் 22

அண்ணா,

விதிதான். கோபமும் கொஞ்சம்.

அன்று நான் கிளம்பியிருக்கலாம். இன்னொருத்தியைக் கூப்பிட்டிருக்கலாம், ஆனால் அவள் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். எடுத்து வைத்த ஈரல் காத்திருக்காது. அம்மா காலை வரை இருப்பாள் என்று நம்பினேன். நீ நாலு வருடம் என்று நம்பினாய். நான் ஒரு ராத்திரி என்று நம்பினேன். நம் இரண்டு பேருக்குமே கணக்கு வராது, அண்ணா.

போனைக் கையிலேயே வைத்திரு. ஒரு பை தயாராக இருக்கட்டும். கூப்பிட்டால் நாலு மணி நேரத்துக்குள் இங்கே இருக்க வேண்டும். மாதம் ஒரு ஸ்கேன் தவறக் கூடாது. உன்னைப் பற்றி இரவெல்லாம் நல்லதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அளவெல்லாம் அப்புறம். ஈரல் மாற்றிப் படுத்திருக்கும்போது தை, பொழுது போகும்.

உன் தங்கை

*

ஜூலை 17

அண்ணா,

திங்கட்கிழமை ஸ்கேனைப் பற்றி டாக்டர் உன்னிடம் நாளை பேசுவார். இந்தக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். எப்படியும் நானும் சொல்ல வேண்டும். மற்ற எல்லோருக்கும் நான்தான் சொல்கிறேன்.

கட்டி அதிகம் பெரிதாகவில்லை. நாலு புள்ளி ஆறுதான். ஆனால் ஈரலுக்குள் போகும் பெரிய ரத்தக் குழாயில் அது நுழைந்துவிட்டது. படத்தில் ஒரு சின்ன நிழல். இன்று காலைக் கூட்டத்தில் உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதே தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். இந்தத் தடவை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய டாக்டர் வெளியே வந்து என் தோளில் கை வைத்தார். அவர் யார் தோளிலும் கை வைத்து நான் பார்த்ததில்லை.

மாத்திரை இருக்கிறது. அது வளர்வதைக் கொஞ்ச நாள் தாமதப்படுத்தும். கொஞ்ச நாள் என்றால் என்ன என்று கேட்காதே.

அண்ணா, உன் கோப்பை மூடி அலமாரியில் வைக்க வேண்டியதும் என் வேலைதான். என்னால் முடியவில்லை. என் மேசை மேலேயே கிடக்கிறது.

*

ஜூலை 26

ஊசிக்கு,

கோப்பை எடுத்து உள்ளே வை. மேசை மேல் கிடந்தால் டீ சிந்தும்.

டாக்டர் நல்ல மாதிரி சொன்னார். அண்ணி வெளியே போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்தாள். அவளிடம் ஆகஸ்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் போக மனசு வரவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நாலு புள்ளி ஒண்ணுக்கு இருபதுல ஒரு பங்கு எவ்ளோ, சொல்லுங்க பாப்போம்" என்றாள். சொன்னேன். "கணக்குல மட்டும் தப்பே வராது உங்களுக்கு" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, மடியில் சாய்த்துக்கொண்டாள்.

பயமாக இருக்கிறது, ஊசி. வேறு யாரிடமும் சொல்ல முடியாது. காலையில் எழுந்ததும் ஒரு நிமிடம் எதுவும் நினைவில் இருப்பதில்லை. அந்த ஒரு நிமிடம் நன்றாக இருக்கிறது.

எனக்காக யாரிடமும் பேசாதே. எனக்குப் பின்னால் நின்றவர் ஒரு இடம் முன்னால் வந்திருப்பார். அவருக்கும் ஒரு தங்கை இருப்பாள்.

ஆஸ்பத்திரி வரை வர இனித் தெம்பில்லை. வெட்டும் மேசையைக் கட்டிலோடு ஒட்டிப் போடச் சொன்னேன். வெள்ளைத் துணி வந்துவிட்டது, நனைத்து உலர்த்தி வைத்திருக்கிறேன். இன்னும் நீ அளவு அனுப்பவில்லை. சீக்கிரம் அனுப்பு. கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது.

அண்ணன்

*

ஆகஸ்ட் 14

அண்ணா,

இன்று புதன்கிழமை. கூட்டத்துக்குக் கோப்புகளைக் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். உன்னுடையதை அலமாரியில் வைத்துவிட்டேன்.

உனக்குப் பின்னால் நின்றவருக்குப் போன வாரம் ஈரல் கிடைத்தது. யார் என்று சொல்ல மாட்டேன். மறுநாள் கண் திறந்து தண்ணீர் கேட்டார். வெளியே ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கையா என்று நான் கேட்கவில்லை.

விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பெரிய டாக்டர், "எத்தனை நாள்?" என்றார். "தெரியல சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார். ஈரல் வந்தால் என்னைக் கூப்பிடும் போனை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டேன். பதினெட்டு வருடத்தில் அது என் கையை விட்டுப் போவது இதுதான் முதல் தடவை. கை காலியாக இருக்கிறது.

தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாய். எழுதி அனுப்ப மாட்டேன். எண்களை எழுதி அனுப்பி எனக்கு அலுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். வந்து உன் முன்னால் நிற்கிறேன். நீ எழுந்திருக்க வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்தபடி உன் கை என் தோளுக்கு எட்டும் வரைக்கும் நான் குனிகிறேன். நீ இறுக்கிப் பிடித்தாலும் சரி, தளர்த்திப் பிடித்தாலும் சரி.

டேப்பைக் கையோடு வைத்திரு, அண்ணா.

ஊசி